இன்றைக்கு என்ன திகதி?

திருகோணமலையில் காது கேளாமல் பிறந்து இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பவர்களில் நான் இரண்டு கூட்டத்தாரை அறிவேன். பள்ளிக்கூடத்துக்கென்று ரயில் ஏறியவர்கள் ஒரு கூட்டம். ரயில் ஏறாமல் கடலோடும் வயலோடும் அடுப்படியோடும் நின்றுவிட்டவர்கள் மற்றது. சமூக சேவை உத்தியோகத்தராக இருந்த காலம் முழுக்க இரு கூட்டத்தாருக்கும் படிவம் நிரப்பியிருக்கிறேன். நீதிமன்றத்திலும் பொலிஸ் நிலையத்திலும் பிரசவ விடுதி வாசலிலும் பக்கத்தில் நின்று அவர்களுக்காகக் கையால் பேசியிருக்கிறேன். என்னை வளர்த்த பெரியம்மாவுக்குக் காது கேட்காது. அதனால் அந்த மொழி எனக்குப் படிப்பாக வரவில்லை, சோற்றோடு வந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் அழைப்பு நிற்கவில்லை. விஷயம்தான் மாறிவிட்டது. "மிஸ், அம்மாவுக்கு அறளை பெயர்ந்திட்டுதோ தெரியேல்லை. டொக்டர் கேட்கிறது அவவுக்கு விளங்கேல்லை, அவ காட்டுறது டொக்டருக்கு விளங்கேல்லை. ஒருக்கா வந்து கேட்டுச் சொல்லுங்கோ."

போய்க் கேட்பேன். ஆனால் சொல்வதுதான் கஷ்டம். மறதிநோய் என்றால் இருந்தது குறைவது. எவ்வளவு இருந்தது என்று தெரியாதவன் எவ்வளவு குறைந்தது என்று எப்படிச் சொல்வான்? காது கேட்கும் மனிதர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இவ்வளவு சொல்வார், தெரியாதவர் இவ்வளவு சொல்வார் என்று வைத்தியர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கணக்கு எழுதப்படவில்லை. எழுதவேண்டுமானால் ரத்மலானைப் பள்ளிக்கூடத்தில் இருந்து தொடங்கவேண்டும்.

இலங்கையில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் வந்தது 1912இல். மேரி சப்மன் என்ற ஆங்கில மிஷனரிப் பெண் தொடங்கினார். பார்வையற்ற பிள்ளைகளுக்கும் அதுவே இடம். அக்கரையில் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டு முடியுமுன், காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் படிப்பிக்கத் தொடங்கியிருந்தார். சப்மன் அம்மையார் இலங்கையோடு நிற்கவில்லை. 1920இல் ரங்கூனிலும் ஒரு பள்ளி நிறுவினார், அது இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. ரத்மலானையில் நிலைபெற்ற பள்ளியில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் படுத்தார்கள்.

திருகோணமலைக்கு ரயில் வந்ததே 1927இல்தான். அதற்கு முன் இங்கே பிறந்த காது கேளாத பிள்ளைக்குக் கொழும்பு என்பது கப்பல் தூரம். ரயில் வந்த பின்பும் யார் அனுப்பினார்கள்? கடற்படைத் தளத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள், ஆசிரியர்கள், கோயிலிலோ சேர்ச்சிலோ யாராவது கடிதம் எழுதிக் கொடுத்த வீட்டார். என் அம்மப்பா நேவி டொக்யார்டில் வேலை. அவருக்கு மேலே இருந்த ஒரு வெள்ளைக்காரர் சொல்லித்தான் பெரியம்மா ரத்மலானைக்குப் போனா. அப்போது அவவுக்கு ஏழு வயது. கல்ஓயா, மாகோ என்று ரயில் நிற்கும் இடமெல்லாம் அம்மப்பா இறங்கி இறங்கி ஏறியதை, அவர் திரும்பி வராமல் விட்டுவிடுவாரோ என்று தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்ததை, பெரியம்மா எத்தனையோ தரம் எனக்குக் காட்டியிருக்கிறா. அந்தக் கதையில் அம்மப்பாவுக்கு என்றும் ஒரே இடம், அவவின் இடப்பக்கம். ரயில் வலப்பக்கம். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு வரும்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களை விளங்கிக்கொள்ள மிலான் நகருக்கும் போகவேண்டும். 1880இல் அங்கே காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. 164 பேராளர்களில் காது கேளாதவர் ஒருவர்தான். கையை விட்டுவிட்டு வாயால் பேசவும் உதட்டைப் பார்த்து விளங்கவும் பழக்குவதே சிறந்தது என்று அங்கே முடிவெடுத்தார்கள். உலகம் முழுக்க, கப்பல் போகும் குடியேற்ற நாடுகள் வரைக்கும், அந்த முடிவு போனது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அதை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 வருடம் பிந்திய வருத்தம். இடையில் மூன்று நான்கு தலைமுறை வாயைப் பார்த்தே படித்து முடித்துவிட்டது.

ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள்தானே. வகுப்பறையில் வாய், விடுதியில் கை. எங்கே காது கேளாத பிள்ளைகளை ஒன்றாகப் படுக்க வைத்தாலும் அங்கே ஒரு மொழி முளைத்துவிடும், பெரியவர்கள் அனுமதித்தாலும் சரி விட்டாலும் சரி. அது மொழிதான், வெறும் அபிநயம் அல்ல என்று கற்றவர்களுக்குக் காட்டியவர் அமெரிக்காவில் காது கேளாதோர் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்த வில்லியம் ஸ்டோக்கோ. அவருடைய ஆய்வு 1960இல் வந்தது. அப்போது பெரியம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டிருந்தா.

முடித்தது ரத்மலானையில் அல்ல, கைதடியில். 1956இல் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை வந்தது. தனிச்சிங்களச் சட்டம் வந்ததும் அதே வருடம். வடக்குப் பிள்ளைகளுக்கு வீடு கிட்டவானது, வாசிப்பும் உதட்டுப் பயிற்சியும் தாய்மொழியில் ஆனது, இதெல்லாம் நன்மைதான். ஆனால் பெரியம்மாவைக் கேட்டால் அவவுக்கு அந்த வருடம் என்றால் ஒரு சிங்களச் சிநேகிதி மட்டும்தான். அவவின் பெயர்ச் சைகை, புருவத்தின் மேல் ஒரு சின்னத் தழும்பைத் தொட்டுக் காட்டுவது. இரண்டு பேருக்கும் இடையில் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. ஆனாலும் அரசியல் வந்து பிரித்துவிட்டது.

இது தனி ஒருத்தியின் கதை என்று தள்ளவேண்டாம். சைகை பள்ளிக்கூடத்தில் வளரும் மொழி. பள்ளி மாறினால் சைகை மாறும். ரத்மலானையில் ஐந்து வருடம் இருந்து கைதடிக்குப் போனவரின் கையில் இரண்டும் கலந்திருக்கும். கைதடியில் மட்டும் படித்தவரின் கை வேறு. பிறகு சண்டை வந்து யாழ்ப்பாணப் பாதை பூட்டித் திறந்து பூட்டிய வருடங்களில் இங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலர் எங்குமே போகவில்லை. ஆக, திருகோணமலையில் ஒரு காது கேளாதவரின் வயதைச் சொல்லுங்கள், அவர் கை எப்படிப் பேசும் என்று பாதி ஊகித்துவிடலாம்.

மற்றக் கூட்டத்துக்கு வருவோம். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுத்த ஒரு மாமா இருந்தார். உறவு முறைக்கு மாமா. பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். சோழகம் தொடங்கினால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்கள ஆட்களும் வந்து வாடி போடுவார்கள். மாமாவுக்கு அவர்களோடும் பேச்சுண்டு, எங்களோடும் பேச்சுண்டு, இரண்டும் ஒரே கையால். வலை இழுக்கும்போது மற்றவர்கள் அம்பா பாடுவார்கள், பாட்டின் அசைவுக்கு இழுவை போகும். மாமாவுக்குப் பாட்டு இல்லை. கயிறு உண்டு. கயிற்றில் வரும் அதிர்வைப் பிடித்து, கேட்கிறவர்களுக்கு முந்தியே கால் மாற்றுவார். கரையில் நிற்கும் மண்டாடி கையைக் காட்டி வலையைத் திருப்பும்போது முதலில் விளங்குவது அவருக்குத்தான். வீட்டாரும் ஊராரும் சேர்ந்து உண்டாக்கிய சைகைதான் அவர் மொழி. சூடை மீனுக்கு ஒன்று, கீரி மீனுக்கு ஒன்று, கடன் கேட்கிறவனுக்கு ஒன்று. அந்தக் கடைசிச் சைகை மிகவும் பொருத்தமானது, இங்கே எழுத முடியாது.

பெரியம்மாவையும் மாமாவையும் வயது போன காலத்தில் ஒரே வினாத்தாளின் முன் உட்கார வைத்தார்கள். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை, எங்கே போயிருந்தாலும் அதே வினாத்தாள்தான்.

அந்த வினாத்தாளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளி அவுகுஸ்தேயிடம் கேட்ட முதல் கேள்வியே பெயர் என்ன என்பதுதான். கேட்டுக் கேட்டு, எழுதி எழுதி வைத்தார். 1906இல் டியூபிங்கனில் அந்த நோயைப் பற்றிப் பேசினார். கேள்விகளுக்குப் புள்ளி போடும் வழக்கம் பரவலானது வெகு காலம் கழித்து. 1975இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், போல் மக்ஹியூ மூவரும் 30 புள்ளிக்கு ஒரு சின்னச் சோதனை தயாரித்தார்கள். பத்து நிமிடத்துக்குள் முடியும், கருவி ஒன்றும் வேண்டாம், ஒரு பென்சிலும் கடிகாரமும் போதும். அதனாலேயே உலகம் முழுக்கப் போனது. வழக்கமாக 24க்குக் கீழே வந்தால் சந்தேகப்படுவார்கள்.

30 புள்ளி எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். காலமும் இடமும் 10. மூன்று சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல 3. நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிக்க 5. அந்த மூன்று சொல்லைக் கொஞ்ச நேரம் கழித்து நினைவுகூர 3. மிச்சம் 9இல் பெயர் சொல்லல், ஒரு தொடரை அப்படியே திருப்பிச் சொல்லல், சொன்னபடி செய்தல், வாசித்தல், ஒரு வசனம் எழுதுதல், ஒரு படத்தைப் பார்த்துக் கீறுதல். கடைசிப் படத்தைத் தவிர எல்லாமே காது வழியாகவோ எழுத்து வழியாகவோதான் போகிறது.

இதைக் கையால் கேட்டால் என்ன நடக்கும்? கடிகாரத்தைக் காட்டி "இது என்ன" என்று கேட்டால் பெரியம்மா மணிக்கட்டைத் தட்டுவா. கடிகாரத்தின் சைகையே அதுதான். கேள்வியும் பதிலும் ஒன்றாகிவிட்ட இடத்தில் புள்ளிக்கு என்ன பெறுமதி? திருப்பிச் சொல்லும் தொடர், நாக்கு தடுக்கும்படி சேர்த்த சின்னச் சின்ன இடைச்சொற்கள். கைக்கு அவை வராது. எழுதச் சொன்ன வசனத்தை அவ எழுதினா, "நான் தையல் நேற்று வீடு" என்று. வைத்தியர் புருவத்தை உயர்த்தினார். அவ இருபது வயதிலும் அப்படித்தான் எழுதினா, அவவின் பழைய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. கையில் பிறந்த மொழிக்கு மேல் ஒட்டிய எழுத்து அது. அங்கே பிழை தேடினால் பள்ளிக்கூடத்தைத்தான் கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று. எண்களையோ சொற்களையோ வரிசையாகச் சொல்லி அதே வரிசையில் திருப்பிக் கேட்கும் சோதனைகள் உண்டு. பேசுகிறவர்கள் சராசரியாக ஏழு வரை பிடிப்பார்கள். சைகையில் கேட்டால் காது கேளாத, நல்ல தெளிவான இளம் வயதினரே ஐந்தளவில் நிற்பார்கள் என்று 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. மூளை குறைந்ததால் அல்ல. ஒலியின் வரிசையைக் காது பிடித்து வைத்திருக்கும் விதம் வேறு, கண் பிடிக்கும் விதம் வேறு. இதை அறியாத ஒருவர் எழுபது வயதுக்காரரின் ஐந்தைப் பார்த்தால் நோய் என்றே எழுதுவார்.

மாமாவின் விஷயம் இன்னும் மோசம். "இப்போது என்ன மாதம்" என்று நான் காட்டினேன். அவர் உள்ளங்கையைத் தூக்கிக் காற்று வரும் பக்கத்தைக் காட்டி, வலையை மடித்து வைத்ததைக் காட்டி, ஒரு விரலால் "இன்னும் கொஞ்சம்" என்றார். வாடைக்காற்று தொடங்கப் போகிறது, கடலில் வலை போடமுடியாது, புரட்டாதி முடிகிறது. சரியான பதில். தாளில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

ஆனால் அன்றைக்கு என்னை உலுக்கியது வேறொன்று. நான் முதல் கேள்வியைக் காட்டு முன்பே மாமா சட்டைப் பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். கூடவே கிராம சேவகர் எழுதிக் கொடுத்த பழைய துண்டு, பிளாஸ்டிக்கில் மடித்தது, காது கேளாதவர் என்று மூன்று மொழியில். பெயர் என்ன, வயது என்ன, எந்த ஊர், எந்த மாவட்டம், இன்றைக்கு என்ன திகதி, எங்கே இருந்து வருகிறாய். இந்தக் கேள்விகளை அவர் வாழ்நாளில் யார் கேட்டிருக்கிறார்கள்? நிலாவெளி வீதியில் சென்றியில் நின்றவர்கள் கேட்டார்கள். "நில்" என்ற சத்தம் கேட்காத மனிதனுக்கு அந்த வீதி எப்படிப்பட்டது என்று கேட்கும் காதுள்ளவர்களுக்குச் சொல்லி விளங்காது. மூளையைச் சோதிக்கும் வினாத்தாளும் ஆளைச் சோதிக்கும் சாவடியும் ஏறத்தாழ ஒரே வரிசையில் கேட்கின்றன. அட்டையைக் கொடுத்துவிட்டு அவர் பதில் சொல்லாமல் இருந்தார். சாவடியில் பிழைக்க அவர் பழகிய வழி அது. தாளில் அது "பதில் இல்லை" ஆனது.

இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த வினாத்தாளைத் திருத்தாமல் விடவில்லை, அதையும் சொல்லவேண்டும். டில்லிக்குப் பக்கத்தில் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்று மேரி கங்குலியும் கூட்டாளிகளும் 1995இல் ஓர் இந்திப் பதிப்பு வெளியிட்டார்கள். வாசித்துச் செய்யவேண்டிய கட்டளையை எடுத்துவிட்டு, "என் முகத்தைப் பார், நான் செய்கிறதைச் செய்" என்று மாற்றினார்கள். எழுத்தில்லாதவருக்காகச் செய்த மாற்றம், தற்செயலாகக் காது கேளாதவருக்கும் ஒரு கதவைத் திறந்தது. 1998இல் கொச்சியில் கூடித் தொடங்கிய 10/66 ஆய்வுக் குழுவின் பெயரே ஒரு முறைப்பாடு: மறதிநோயாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் எங்களைப் போன்ற நாடுகளில், ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. வேலூரில் சமூகத்துக்குள் போய்ப் பார்க்கத் தமிழில் கருவிகள் செய்தார்கள். றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு நோய் இருப்பதாக 2003இல் எழுதினார்கள். எல்லாம் நல்ல வேலை. காதில்லாதவன் ஒரு வாசலிலும் வந்து நிற்கவில்லை, அல்லது நின்றதும் விலக்கிவிட்டார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் கேட்பதில் சிரமம் உள்ளவர்கள் என்று இந்த நாட்டில் 3 லட்சத்து 89 ஆயிரம் பேர் பதிவாகியிருக்கிறார்கள். அதில் சைகையே மொழியாக வாழ்கிறவர்கள் சின்னப் பங்குதான். சின்னப் பங்குக்கு யாரும் வினாத்தாள் அச்சடிப்பதில்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன், வீட்டார் அடிக்கடி கேட்பதால். காது கேளாமை மறதிநோயைக் கொண்டுவரும் என்று பத்திரிகையில் வருகிறதே, எங்கள் அம்மாவுக்கு வந்ததும் அதனால்தானா? லான்செட் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட 14 காரணிகளில் கேட்கும் திறன் குறைவு ஒன்று, உண்மை. அது பெரும்பாலும் நடு வயதில் காது மந்தமானவர்களைப் பற்றியது. அறுபது வயதில் காது மந்தமாகி, பேச்சு நின்று, வீட்டு மூலையில் ஒதுங்கியவரின் நிலை அது. பிறவியிலேயே கையால் பேசி, சண்டை பிடித்து, வம்பளந்து வாழ்ந்தவர் எதையும் இழக்கவில்லை. அந்தக் கணக்கை இவர் தலையில் கட்ட முடியாது.

சைகை மூளையில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு 1987இல் தெளிவான பதில் வந்தது. கலிபோர்னியா சால்க் நிறுவனத்தில் பாரிசவாதம் வந்த காது கேளாதவர்களை ஊர்சுலா பெலூகியும் ஹவார்ட் பொய்ஸ்னரும் எட்வர்ட் கிளீமாவும் ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். இடது மூளை அடிபட்டவர்களுக்குச் சைகை மொழி சிதைந்தது, படம் கீறும் திறன் மிஞ்சியது. வலது மூளை அடிபட்டவர்களுக்குப் படம் கோணியது, சைகை பேச்சு மிஞ்சியது. காது கேட்கிறவரின் பேச்சு இருக்கும் அதே பக்கத்தில்தான் இவர்களின் கையும் பேசுகிறது. ஆகவே மறதிநோயில் பேச்சுச் சிதைவதுபோல் சைகையும் சிதையும். பார்க்கத் தெரிந்த கண் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணை வைத்து முழுச் சோதனை ஒன்றை முதலில் ஒழுங்காகச் செய்தவர்கள் லண்டன்காரர். ஜோவானா அட்கின்சனும் அவருடைய குழுவினரும் பிரித்தானியச் சைகை மொழிக்கென்று தயாரித்து 2015இல் வெளியிட்டார்கள். பழைய தாளை மொழிபெயர்க்கவில்லை. சைகை பேசுகிற ஒருவர் வீடியோவில் கேள்வி கேட்பார். எவருக்கும் ஒரே கேள்வி, ஒரே வேகம், மொழிபெயர்ப்பாளரின் கைப்பாகம் குறுக்கே வராது. நான் பொறாமைப்படுவது இதற்கல்ல. கணக்கு எடுத்த விதத்துக்கு. நோயில்லாதவர் எவ்வளவு எடுப்பார் என்று தெரியாமல் நோயை அளக்க முடியாதல்லவா? அதற்கு 50இல் இருந்து 89 வயது வரை 226 காது கேளாதவர்களைச் சோதித்தார்கள். அவ்வளவு பேரை எங்கே பிடித்தார்கள்? முதிய காது கேளாதோர் சங்கமொன்று ஆண்டுதோறும் விடுமுறை முகாம் நடத்துகிறது. அங்கே போய், சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் உட்கார்த்தி வைத்துக் கேட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்த நோயாளிகள் 14 பேர்.

முகாம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் மாவட்டத்து முதியவர்களுக்கு வேறு ஞாபகம் வரும், அது இருக்கட்டும். விஷயம் இதுதான்: அவர்களுக்குக் கூடும் பழக்கம் இருந்தது, அதனால் அளவுகோல் கிடைத்தது. எங்கள் ஆட்கள் 1983, 1985, 1990 என்று சண்டைக்குச் சண்டை கலைந்தார்கள். ரத்மலானையில் ஒன்றாகப் படித்த ஒருத்தி மட்டக்களப்பில், ஒருத்தி கனடாவில், ஒருத்தி எங்கே என்றே இல்லை. பேச ஆளில்லாத சைகை தானாகவே சுருங்கும். அதை நோய் என்று யாராவது எழுதிவிடக்கூடாது.

எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஜூனியஸ் வில்சன் இருக்கிறார். 1908இல் பிறந்த கறுப்பினத்தவர், கறுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ராலே பள்ளியில் படித்தவர். 1925இல் குற்றம் சாட்டப்பட்டு, விசாரிக்க முடியாதவர், புத்தி பேதலித்தவர் என்று மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். வழக்கை 1970களில் கைவிட்டார்கள், ஆளை விடவில்லை. 2001இல் இறக்கும்வரை அந்த வளவுக்குள்தான். பிற்காலத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் வந்தபோது அவருடைய சைகை அவர்களுக்கே விளங்கவில்லை. ராலே பள்ளியின் சைகை அது, பேசுகிறவர்கள் அருகிவிட்டார்கள். கைதடிக்கு முந்திய ரத்மலானைச் சைகையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வில்சன் ஞாபகம்தான் வரும்.

இங்கே, உப்புவெளியில், வீடியோவும் 226 பேரும் இல்லாமல் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் கண். சைகை பேசுகிறவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்தால் உலகமே அணைந்ததுபோல். பதில் சொல்லமாட்டார், ஆளை மாறி நினைப்பார், எரிந்து விழுவார். மறதி என்று கூட்டிவந்தவர்களில் சத்திரசிகிச்சை முடிந்ததும் பழையபடி வம்பளக்கத் தொடங்கியவர்களும் உண்டு. பிறகு விரல். மூட்டு வீங்கிய கை கோணலாகப் பேசும், அது கையின் நோய். அதன்பின் வைத்தியரிடம் வற்புறுத்திக் கேட்பேன், தைரொயிட் பார்த்தீர்களா, பி12 பார்த்தீர்களா, நித்திரைக் குளிசை என்ன கொடுக்கிறார்கள் என்று. இது என் வேலை இல்லைத்தான். பரவாயில்லை.

அடுத்து, நோயாளியைக் கேட்பதைவிட அவரோடு தினமும் கையால் பேசுகிறவரைக் கேட்பது. பத்து வருடத்துக்கு முந்தி எப்படி இருந்தார், இப்போது எப்படி என்று கூட வாழ்பவரிடம் விசாரிக்கும் முறை வைத்தியத்தில் இருக்கிறது, 10/66 குழுவும் அதைக் கைக்கொண்டது. எங்களுக்கு அது உயிர். மாமாவின் விஷயத்தில் மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கூட வலை இழுத்த ஒரு சிங்கள ஐயாதான் சொன்னார், கயிற்றைச் சுருட்டி வைக்கும் முறையே மாறிவிட்டது, முடிச்சைப் போட்டுவிட்டு மறுபடி அதையே அவிழ்க்கிறார் என்று. தாளில் கிடைக்காத சான்று அந்தக் கயிற்றில் இருந்தது. மாமாவுக்கு உண்மையிலேயே நோய் இருந்தது. வினாத்தாளும் அதையே சொன்னது, ஆனால் காரணம் எல்லாம் பிழை. அதே தாள் பெரியம்மாவையும் நோயாளி என்றது, அப்போது அவவுக்கு ஒன்றும் இல்லை.

அப்போது. இப்போது அவவுக்கு எண்பது கடந்துவிட்டது. ரயில் கதையில் அம்மப்பா இடம் மாறத் தொடங்கிவிட்டார். சைகையில் ஆளை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் பிறகு அந்த இடத்தைச் சுட்டினாலே போதும், பெயர் வேண்டாம். இத்தனை காலம் இடப்பக்கம் நின்ற அம்மப்பாவை அவ வலப்பக்கம் தேடுகிறா, ரயிலைச் சுட்டி அப்பா என்கிறா, பிறகு தன் விரலையே பார்த்து நிற்கிறா. சொற்கள் சரி, கைவடிவம் சரி, இடம்தான் பிசகுகிறது. சிறு வயதில் இருந்தே அந்தக் கதையைப் பார்த்தவள் என்பதால் எனக்குத் தெரிகிறது. புதிதாக வரும் மொழிபெயர்ப்பாளருக்கு, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தெரியாது.

ஆகவே நான் இப்போது நோயில்லாதவர்களைத் தேடிப் போகிறேன். ஒவ்வொருவரையும் போனில் வீடியோ எடுக்கிறேன். கேட்பது ஒரு கதை. 1964 மார்கழிப் புயல் ஞாபகமிருந்தால் அது, இல்லையென்றால் 2004 சுனாமி. எல்லாரும் கண்ட நிகழ்ச்சி, அவரவர் கை. கடலை எந்தப் பக்கம் வைக்கிறார், வீட்டை எந்தப் பக்கம், யாரை எங்கே நிறுத்துகிறார் என்று இன்றைக்குப் பதிந்து வைத்தால், சில வருடம் கழித்து யாராவது கேள்வியோடு வரும்போது ஒப்பிட ஒன்றிருக்கும். பிள்ளைகளிடம் ஒரு பிரதி, என்னிடம் ஒரு பிரதி. மாவட்ட மருத்துவமனைகளில் இதற்கொரு கோவை திறந்தால் நல்லது, திறக்கும்வரை என் அலுமாரி இருக்கிறது.

1956இல் கைதடிக்கு இடம் மாறிய பிள்ளைகளில் ஆகச் சின்னவருக்கும் இப்போது எழுபது கடந்துவிட்டது. அதனால் அவர்களை முதலில் எடுக்கிறேன். வீடியோ என்று காட்டியதும் பெண்கள் சேலை மாற்றப் போய்விடுகிறார்கள், ஆண்கள் தலைக்கு எண்ணெய் தேடுகிறார்கள். அரை நாள் அதற்கே போகிறது.